வாக்கு மறைவாக இருக்கட்டும், கணக்கு வெளிப்படட்டும்!

அண்மைக் காலமாக நம் மஹல்லாக்களில் ஒரு வாதம் வலுப்பெற்று வருகிறது. ஜமாஅத்திற்கு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதானாலும், பழைய பள்ளிவாசலை இடித்துக் கட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதானாலும், வாக்குச் சீட்டு, பெட்டி, திரை என்னும் ஏற்பாடுகளெல்லாம் எதற்கு? ஜும்ஆ தொழுகைக்குப் பின் கையை உயர்த்தச் சொன்னால் போதாதா? வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கைபேசிக் குழு இருக்கிறது. அதில் கேள்வியைப் போட்டால் அன்று மாலைக்குள் முடிவு தெரிந்துவிடும். யார் எந்தப் பக்கம் என்பதும் பெயரோடு விளங்கிவிடும். ஒளிவு மறைவின்றி வாழ வேண்டிய முஸ்லிமுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இதுவே அவ்வாதம்.

கேட்பதற்கு இனிய வாதந்தான். எளிமை, நேர்மை, மார்க்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே துணைக்கு அழைக்கிறது. ஆயினும் அது தவறான வாதம். நம் ஜமாஅத்துகளின் நலிவுக்கு வழிகோலும் வாதம். ஜமாஅத்தின் பொதுமக்கள் அளிக்கும் வாக்கு மறைவாகவே இருக்க வேண்டும். அவ்வாக்கினால் பதவி பெற்றவர்கள் நிர்வாகக் குழுவில் அளிக்கும் வாக்கோ, பெயரோடும் காரணத்தோடும் ஊரறிய வெளிப்பட வேண்டும். இன்று பல ஊர்களில் நடப்பது இதற்கு நேர் மாறானது. மக்கள் வெளிச்சத்தில் கை தூக்குகிறார்கள்; நிர்வாகிகள் கதவை மூடிக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். இந்தத் தலைகீழ் நிலை மாற வேண்டும்.

கை தூக்குபவர் யார்?

மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவரின் நிலையை முதலில் நோக்குவோம். பெரும்பாலும் அவருக்குச் சொந்த வீடு இருக்கும். சொந்த வணிகம் இருக்கும். ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் இடம் இருக்கும். அவர் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் மறுநாள் அவருடைய வாழ்வில் ஒரு மாற்றமும் நிகழாது. வெளிப்படையாக இருப்பதற்கு அவர் எந்த விலையும் கொடுப்பதில்லை.

இனி, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எளியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய தையற்கடை பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃபுக் கட்டடத்தில் இருக்கிறது; வாடகை ஒப்பந்தம் விரைவில் புதுப்பிக்கப்பட வேண்டும். மகளுக்கு அயலூரில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார். அங்கே நிக்காஹ் நடக்க இவ்வூர் ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். மகனின் மேற்படிப்புக்கு ஜமாஅத் நிதியிலிருந்து உதவி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். வீட்டில் முதிய தாயார் படுக்கையில் இருக்கிறார். அவரை நல்லடக்கம் செய்ய வேண்டிய மையவாடியும் அதே நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இத்தனை கோரிக்கைகளையும் எந்த நிர்வாகியின் முன் வைக்க வேண்டுமோ, அந்த நிர்வாகிக்கு எதிராக, அவர் கண்ணெதிரே, கையை உயர்த்தும்படி இவரைக் கேட்கிறோம். இதற்கு நேர்மை என்றும் பெயர் சூட்டுகிறோம்.

ஒரு மாநிலத்தை ஆளும் முதலமைச்சருக்குக்கூட ஒரு குடிமகனின் வாழ்வில் இத்தனை வாசல்களில் நிற்கும் வாய்ப்பு இல்லை. பிறப்பு முதல் இறப்பு வரை நம்மோடு வரும் அமைப்பு ஜமாஅத். அதன் சிறப்பும் அதுதான். அதன் ஆபத்தும் அதுதான். "நாமெல்லாம் ஒரே குடும்பம், நாட்டுத் தேர்தலுக்கு வேண்டிய இரகசியம் நமக்கு எதற்கு?" என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கோடிக்கணக்கான வாக்காளர்களில் ஒருவர் கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். முந்நூறு தலைக்கட்டு உள்ள ஊரில் அவர் எங்கே மறைவார்? ஊர் சிறுத்தால் மறைவாக்கின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

மார்க்கம் காட்டும் நெறி

வெளிப்படை வாக்கை வலியுறுத்துவோர் எடுத்துவைக்கும் வலிமையான சான்று ஒன்று உண்டு. வாக்களிப்பது சாட்சியம் அளிப்பதைப் போன்றது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் பெரும் ஆலிம் முஃப்தி முஹம்மது ஷஃபீ, வாக்கில் சாட்சியம், பரிந்துரை, பிரதிநிதித்துவம் ஆகிய மூன்று தன்மைகளும் உண்டு என்று எழுதினார். திருமறையின் பகரா அத்தியாயம் 283ஆம் வசனம், சாட்சியத்தை மறைப்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஆகவே வாக்கை மறைப்பது சாட்சியத்தை மறைப்பதாகாதா என்று கேட்கிறார்கள்.

முதலாவதாக, மறைவாக்கில் சாட்சியம் மறைக்கப்படவே இல்லை. சீட்டுப் பெட்டியில் விழுகிறது, எண்ணப்படுகிறது, முடிவாக அறிவிக்கப்படுகிறது. மறைக்கப்படுவது சாட்சியின் பெயர் ஒன்றே. இரண்டாவதாக, 283ஐ எடுத்துக்காட்டுவோர் அதற்கு முந்திய வசனத்தையும் ஓத வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலையும் அதற்கான எழுத்தையும் சாட்சியத்தையும் பற்றி விரிவாகப் பேசும் 282ஆம் வசனம், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படலாகாது என்றும் கட்டளையிடுகிறது. சாட்சியை அழைப்பவர்கள் மீதே அவரைக் காக்கும் கடமையும் சுமத்தப்பட்டுள்ளது. அக்கடமையை நிறைவேற்றாமல் சாட்சியத்தை மட்டும் கேட்பது, மறையில் ஒரு பாதியை ஏற்று மறுபாதியை விடுவதாகும்.

அநீதியான ஆட்சியாளன் முன் உண்மை பேசுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உயர்ந்த ஜிஹாதாகப் போற்றியிருக்கிறார்களே என்பர். ஆம். அது, துணிந்து பேசியவருக்குக் கிடைக்கும் சிறப்பு. ஊரிலுள்ள ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்தி, யாருக்குத் துணிவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க ஆட்சியாளனுக்கு அளிக்கப்பட்ட உரிமை அன்று. கொடுமைக்குள்ளாகி நாவால் மட்டும் மாறிப் பேசியவரின் நிலையை அல்லாஹ் அறிவான் என்பதை நஹ்ல் அத்தியாயத்தின் 106ஆம் வசனம் உணர்த்துகிறது. அம்மார் பின் யாசிர் (ரலி) அவர்களின் வரலாறு அதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. பலவீனரிடம் வீரத்தைக் கட்டாயமாக வசூலிக்காத மார்க்கம் நம்முடையது.

உஹதுப் போருக்கு முன் நடந்த ஆலோசனையை நோக்குங்கள். நகருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது பெருமானாரின் எண்ணம். வெளியே சென்று போரிட வேண்டும் என்பது இளைஞர் பலரின் விருப்பம். அவர்கள் அதை வெளிப்படையாகவே கூறினார்கள். அவ்வாறே புறப்பாடும் நடந்தது. போரில் பின்னடைவு ஏற்பட்ட பின்பும் மாற்றுக் கருத்துக் கூறியவர்கள் தண்டிக்கப்படவில்லை. மாறாக, அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கும்படியே ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் பணித்தது. எங்கே தலைமை மாற்றுக் கருத்தை மன்னிக்கிறதோ, அங்கே வெளிப்படை இயல்பாக மலர்கிறது. மன்னிக்காத தலைமையின் முன் வெளிப்படை என்பது பொறியாகிவிடும்.

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டின் இறுதியில் உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரைக் குறிப்பிட்டார்கள். அவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) தாம் போட்டியிலிருந்து விலகிக்கொண்டு, மக்கள் கருத்தை அறியும் பொறுப்பை ஏற்றார்கள். அவர்கள் மதீனாவில் எவ்வாறு கருத்துக் கேட்டார்கள் என்பதை இப்னு கஸீர் தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார்: தனித்தனியாகவும் கூட்டாகவும், மறைவிலும் வெளிப்படையிலும் கேட்டார்கள், திரைக்குள்ளிருந்த பெண்களிடமும் கேட்டார்கள். பின்னர் மஸ்ஜிதில் அனைவர் முன்னிலையிலும் உஸ்மான் (ரலி) அவர்களுக்குப் பைஅத் அளித்தார்கள். மக்களின் கருத்து அவரவர் மனம் திறக்க ஏதுவான முறையில் கேட்கப்பட்டது. பொறுப்பை ஏற்றவரின் முடிவோ மிம்பரில் வைத்து ஊரறிய அறிவிக்கப்பட்டது. நாம் வேண்டுவதும் இதுவே.

வெளிப்படையான பைஅத் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். ஹிஜ்ரி 145இல் (762) மதீனாவில் கலீஃபா மன்சூருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்த காலத்தில், வற்புறுத்தலால் சொல்லப்பட்ட தலாக் செல்லாது என்னும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு மக்களிடையே பரவியிருந்தது. வற்புறுத்திப் பெற்ற பைஅத்தும் அப்படித்தானே என்று மக்கள் பொருள் கொண்டார்கள். இதனால் அவ்வறிஞர் பெருந்தகை ஆளுநரின் ஆணையால் சாட்டையடி பட்டார்கள். வற்புறுத்தலால் வந்த சம்மதம் சம்மதமாகாது என்னும் நெறிக்கு நம் இமாம் ஒருவர் தம் உடலால் விலை கொடுத்திருக்கிறார்.

உலகம் கற்ற பாடம்

மறைவாக்கு பழைய காலத்து அரசியல்வாதிகளுக்கும் இனிப்பாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் வாக்காளர் மேடையருகே சென்று, தாம் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்னும் பட்டியல்கள் அச்சிடப்பட்டு விற்பனையும் ஆயின. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற பேரறிஞரே 1861இல் வெளியிட்ட நூலில் வெளிப்படை வாக்கை ஆதரித்தார். வாக்கு தனி உரிமை அன்று, பொதுநலன் கருதி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆகவே பொதுமக்கள் அதைக் காண வேண்டும் என்பது அவர் வாதம். நம் மொழியில் சொன்னால், வாக்கு ஓர் அமானிதம் என்றார். வாக்காளரை மிரட்டும் வலிமை குறைந்து வருகிறது என்றும் அவர் நம்பினார். ஏழே ஆண்டுகளில் அந்நம்பிக்கை பொய்த்தது. 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலக்கிழார்களின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் நாட்டுக் குத்தகை விவசாயிகள் பலர் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1872இல் மறைவாக்குச் சட்டம் நிறைவேறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856லேயே அம்முறையை மேற்கொண்டுவிட்டன.

இக்காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கென்யாவில் 1988இல் ஆளுங்கட்சி தன் வேட்பாளர் தேர்வுக்கு ஒரு புது முறையை நடைமுறைப்படுத்தியது. வாக்குச் சீட்டு இல்லை. வேட்பாளரின் அல்லது அவர் முகவரின் பின்னால் மக்கள் வரிசையாக நிற்க வேண்டும். இதைவிட வெளிப்படையான முறை உண்டா? ஆனால் நீண்ட வரிசை ஒருவருக்கு நிற்க, குறுகிய வரிசைக்காரர் வென்றதாக அறிவிக்கப்பட்ட இடங்கள் பல என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. மக்கள் கலைந்து சென்ற பிறகு மறு எண்ணிக்கைக்கு எதை எண்ணுவது? சில ஆண்டுகளிலேயே அம்முறை கைவிடப்பட்டு, 1992ஆம் ஆண்டுத் தேர்தல் மறைவாக்கில் நடந்தது. கை தூக்கும் முறைக்கும் இதே குறை உண்டு. உயர்ந்த கை இறங்கிவிட்டால் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை. சீட்டோ பெட்டியில் இருக்கும். ஐயம் எழுந்தால் எத்தனை முறையும் எண்ணலாம்.

சுவிட்சர்லாந்தைச் சிலர் உதாரணம் காட்டுவர். அங்கே அப்பென்செல் இன்னர்ரோடன், கிளாருஸ் ஆகிய இரு மாநிலங்களில் மக்கள் திறந்த வெளியில் கூடிக் கை உயர்த்தி முடிவெடுக்கும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் 1990 ஏப்ரலில் அதே அப்பென்செல் இன்னர்ரோடனில், பெண்களுக்கு மாநில வாக்குரிமை வேண்டாம் என்று ஆண்கள் கை உயர்த்தி முடிவு செய்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டே அவ்வுரிமையை வழங்கியது. அக்கம் பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்கையில் உயர்ந்த அக்கைகளில் எத்தனை உள்ளங்கள் வேறாக இருந்தன என்று எவராலும் கூற இயலாது. அதை அறிய அம்முறை வழிவிடவில்லை.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, யாருக்கு வாக்களித்தாய் என்று எவரையும் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதித்தது. வேட்பாளர் எவரையும் விரும்பாதவர் வாக்குச்சாவடிப் பதிவேட்டில் அதைப் பதியச் செய்ய வேண்டியிருந்த பழைய முறை, மறைவைக் குலைக்கிறது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பயனாகவே வாக்கு இயந்திரத்தில் 'நோட்டா' பொத்தான் வந்தது. வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியானால், எந்தத் தெரு எதிர்த்தது என்று தெரிந்து அத்தெரு பழிவாங்கப்படலாம் என்று அஞ்சி, பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் அதைப் பரிந்துரைத்தது. நாடு, தெருவின் பெயர்கூட வெளிப்படலாகாது என்று கவலைப்படுகிறது. நாமோ ஆளின் பெயரையே பலகையில் எழுதுகிறோம்.

கைபேசியில் நடக்கும் வாக்கெடுப்பு

அந்தப் பலகை இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி 2022 நவம்பரில் அறிமுகமானபோது, யார் எதைத் தேர்ந்தார் என்பதைக் குழுவினர் அனைவரும் காணும்படியே அது அமைந்திருந்தது. டெலிகிராமில் 2018இல் வந்த வாக்கெடுப்போ பெயரற்றதாகவே தொடங்கியது. 2020இல்தான் பெயர் காட்டும் வகையும் சேர்க்கப்பட்டது. பெயர் தெரிவதும் தெரியாமலிருப்பதும் கருவியைச் செய்தவர் எடுத்த முடிவேயன்றி இயற்கையின் நியதி அன்று. நண்பர்கள் சுற்றுலாவுக்கு நாள் குறிக்க அமைந்த ஒரு வசதியைக் கொண்டு முத்தவல்லியைத் தேர்ந்தெடுப்பது பொருந்துமா?

கைபேசி வாக்கெடுப்பில் கை தூக்கும் முறையின் குறைகள் யாவும் உண்டு. மேலும் சில உண்டு. உயர்ந்த கையை மறந்துவிடலாம். கைபேசித் திரையைப் படம் பிடித்து வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும், கடல் கடந்து செல்லும். முதலில் நான்கு செல்வாக்குள்ளவர்கள் வாக்கிட்டுவிட்டால், பின்வருபவர் தம் கருத்தைச் சொல்கிறாரா, அந்நால்வரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா என்பது தெரியாது. இரண்டு எண் வைத்திருப்பவருக்கு இரண்டு வாக்கு. எண்ணே இல்லாத மூதாட்டிக்கு ஒன்றும் இல்லை. குழுவை நடத்துபவர் விரும்பாதவரை ஒரு தொடுதலில் நீக்கிவிடலாம். கூட்டத்தின் நேரத்தை நிச்சயிக்கவும் கந்தூரியில் என்ன சமைப்பது என்று கேட்கவும் அக்கருவி போதும். அமானிதத்தை ஒப்படைக்க அது போதாது.

மொட்டைக் கடிதமும் கைக்கூலியும்

பெயர் மறைத்தால் மொட்டைக் கடிதக் கலாசாரம் வளராதா என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான அச்சம். ஆனால் மொட்டைக் கடிதம் பிறர் மீது பழி சுமத்துகிறது. வாக்குச் சீட்டில் பழி எழுத இடமே இல்லை. குற்றம் சாட்டுபவர் பெயரோடு சாட்டட்டும். விவாதம் கூட்டத்தில், முகத்துக்கு முகம் நடக்கட்டும். விவாதம் முடிந்தபின் தீர்ப்பு மட்டும் திரைக்குள் எழுதப்படட்டும். மனம் திறக்க வழியற்ற ஊரில்தான் மொட்டைக் கடிதங்கள் பெருகுகின்றன என்பது என் கருத்து.

மறைவாக்கில் பணம் விளையாடும் என்பாரும் உளர். உண்மையில், வாங்கிய பொருள் கைக்கு வந்ததா என்று சரிபார்க்க முடியாத சந்தையில் வணிகன் முதல் போடத் தயங்குவான். வெளிப்படை வாக்கில் பணம் கொடுத்தவர் கையை எண்ணிச் சரிபார்த்துக்கொள்கிறார். மறைவாக்கிலோ அவர் சத்தியம் வாங்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. கைக்கூலி அடியோடு ஒழியாது. ஆனால் மறைவு அதற்கு எதிரியே.

எது வெளிப்பட வேண்டும்?

வாக்கு எப்போதும் மறைவாகவே இருக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. யாருக்காக ஒருவர் பொறுப்பேற்றாரோ, அவர்களுக்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். பொதுமகனின் வாக்கு அவனுடைய மனசாட்சியைச் சார்ந்தது. அதற்கு அவன் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்வான். நிர்வாகியின் வாக்கோ பிறர் பொருளைச் சார்ந்தது. அவர் அல்லாஹ்வுக்கும் ஊருக்கும் பதில் சொல்ல வேண்டியவர். வக்ஃபுக் கடையை யாருக்கு, எத்தனை ரூபாய்க்கு வாடகைக்கு விட்டார்கள், அதை ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்பது ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் தெரிய வேண்டும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் வாக்கைக் கட்சியின் முகவருக்குக் காட்டும் முறை 2003இல் சட்டமாகி, 2006இல் உச்ச நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டது. அங்கே வாக்கைக் காண்பவர் கட்சி முகவர். அவ்வுறுப்பினரைத் தேர்ந்தெடுத்த மக்கள் அல்லர். நிர்வாகி தம் வாக்கைத் தலைவருக்குக் காட்டி மக்களுக்கு மறைப்பாரானால், அது வெளிப்படையாகாது.

மறைவாக்குக்குச் சான்றாக உத்திரமேரூர்க் குடவோலையை மேடைதோறும் முழங்குகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் அங்கு நடந்தது வாக்களிப்பு அன்று. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குலுக்கல். அக்கல்வெட்டில் நாம் படிக்க வேண்டிய பகுதி வேறு. முன்னர் வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று அது விதிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் இயற்றிய விதியை இன்று நம் மஹல்லாக்களில் எத்தனை பின்பற்றுகின்றன?

ஆகவே ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் பின்வருவனவற்றைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். நிர்வாகிகள் தேர்வும், ஊரைப் பிளக்கக்கூடிய எந்தப் பெரும் முடிவும் சீட்டு மூலம் நடக்க வேண்டும். யார் வாக்களித்தார் என்பது பட்டியலில் குறிக்கப்பட வேண்டும். யாருக்கு என்பது எங்கும் குறிக்கப்படலாகாது. தெரு வாரியாக எண்ணாமல் எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து, மாற்றுக் கருத்துடையோரின் முன்னிலையில் எண்ண வேண்டும். நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைகள், உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கோடும் வரவு செலவுக் கணக்கோடும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டப்பட வேண்டும்.

இதற்குச் செலவு ஒரு தகரப் பெட்டி, ஒரு திரைச்சீலை, சில தாள்கள். இவற்றை மறுக்கும் நிர்வாகம், தான் மக்களின் கருத்தை அறிய அஞ்சுகிறது என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. ஏற்கும் நிர்வாகத்துக்கோ ஒரு பெரும் பேறு கிடைக்கும்: பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தையற்காரர் தனக்கு அளித்த வாக்கு அச்சத்தால் வந்ததன்று, விருப்பத்தால் வந்தது என்னும் உறுதி. அத்தகைய நிர்வாகங்களை நம் ஊர்தோறும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக.